ஆபீஸ் மெயிலைப் பத்திரப்படுத்துவது எப்படி: அவுட்லுக், தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி ஆபீஸில் கணக்கும் டாக்குமெண்ட்ஸும் பார்க்கிறேன். ஐந்து கம்ப்யூட்டர்கள். மெயில் பார்க்க மூன்றில் அவுட்லுக், இரண்டில் தண்டர்பேர்ட். ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி கம்ப்யூட்டரை ஆன் செய்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது, விண்டோஸ் வரவில்லை. ஐந்து வருட மெயில் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

"சர்வர்ல இருக்கும்லங்க்கா?" என்று கேட்டான். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சர்வரில் இருப்பதை பிரவுசரில் காட்டும் வெப்மெயிலைத் திறந்தால் கடைசி 14 நாள் மெயில் மட்டும்தான் இருந்தது.

அதே வாரம் ஒரு பையர், நேவி ப்ளூ ஷேடு சரியில்லை என்று டெபிட் நோட் போட்டிருந்தார். அந்த நிறத்தின் லேப் டிப்பை, அதாவது சாயம் போட்ட மாதிரித் துணியைப் பார்த்து ஓகே என்று அவர்கள் தரப்பில் எழுதிய மெயில் செத்த டிஸ்க்கில். ரெக்கவரிக்குக் கொடுத்தோம். 18,000 ரூபாய், 11 நாள். திரும்பி வந்த மெயில் ஃபைல் பாதி உடைந்திருந்தது. எங்களுக்கு வேண்டிய அந்த ஒரு மெயில் அதில் இல்லை. தொகையைக் கழித்துக்கொண்டுதான் பணம் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டராக, தப்புத் தப்பாகச் செய்து, திருத்தி, ஒரு முறைக்குக் கொண்டுவந்தேன். உங்கள் ஆபீஸில் ஐ.டி. ஆள் இல்லையென்றால் இது உங்களுக்காகத்தான். ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் தடவை அரை நாள் ஆகும். அடுத்த வாரத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

1. மெயில் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாம் இதைப் பொறுத்துத்தான். மெயில் கணக்கு பாப் முறையில் இருக்கிறதா, ஐமேப் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாப் என்றால் மெயில் சர்வரிலிருந்து இறங்கி உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சர்வரில் நகல் இருக்குமா, எத்தனை நாள் இருக்கும் என்பது ஒரு டிக் குறியில் இருக்கிறது. அவுட்லுக்கில் பாப் கணக்கு சேர்த்தால், வேறு எதுவும் மாற்றாவிட்டால், 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கு என்றுதான் இருக்கும். எங்களுக்கு நடந்தது அதுதான். டொமைனோடு சேர்த்து மலிவாக மெயில் வாங்கிய சின்ன ஆபீஸ்கள் பலவற்றில் சர்வரில் இடம் குறைவு என்பதால் பாப் முறையில்தான் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

ஐமேப் என்றால் சர்வரில் இருப்பதுதான் மூலம். கம்ப்யூட்டரில் இருப்பது அதன் பிரதி. டிஸ்க் போனாலும் மெயில் போகாது. ஆனால் சர்வரில் அழிந்தால் கம்ப்யூட்டரிலும் அழியும். யாராவது செல்போனில் தெரியாமல் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால் எல்லா இடத்திலும் போய்விடும். டொமைன் புதுப்பிக்க மறந்து கணக்கு மூடப்பட்டாலும் அதே கதைதான். ஐமேப்பில் இருக்கிறோம், பேக்கப் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் போனால் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் பாப்பா ஐமேப்பா என்று போட்டிருக்கும். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தில் மேலேயே சர்வர் டைப் என்று இருக்கும்.

பாப் என்று தெரிந்தால், அந்த 14 நாளை இன்றைக்கே 60 நாள் அல்லது 90 நாள் ஆக்குங்கள். அவுட்லுக்கில் இது கணக்கின் மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும். புதிய பதிப்புகளில் அங்கே காணவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் மெயில் என்ற ஐகான் வழியாகப் போனால் கிடைக்கும். மாற்றும் முன் சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று வெப்மெயிலில் பார்த்துவிடுங்கள். பெட்டி நிரம்பினால் வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

2. ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னும் உட்கார்ந்து எழுதுங்கள்: யாருடைய கம்ப்யூட்டர், எந்த மெயில் முகவரி, பாப்பா ஐமேப்பா, மெயில் ஃபைல் எந்த டிரைவில், எத்தனை ஜிபி.

அவுட்லுக்கில் இதைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி உண்டு. ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், மறுபடி அக்கவுண்ட் செட்டிங்ஸ். வரும் பெட்டியில் டேட்டா ஃபைல்ஸ் என்ற தாவலைத் தட்டுங்கள். அவுட்லுக் திறந்து வைத்திருக்கும் எல்லா மெயில் ஃபைலும் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓப்பன் ஃபைல் லொகேஷன் தட்டினால் அந்த ஃபோல்டரே திறக்கும்.

இந்த வரிசையில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணுங்கள். எங்கள் இன்னொரு கம்ப்யூட்டரின் தாளில் நான் எழுதியது இப்படி இருந்தது (பிஎஸ்டி என்பது அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் ஃபைல் வகை): "மெர்ச்சண்டைசிங் 2, பாப், பிஎஸ்டி ஃபைல் மூன்று. ஒன்று டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் 6.8 ஜிபி. ஒன்று டி டிரைவில் 'பழையது' ஃபோல்டரில் 3.1 ஜிபி. மூன்றாவது ஆர்க்கைவ், 4.4 ஜிபி, யாருக்கும் தெரியாது." அந்த ஆர்க்கைவ் ஃபைல், அவுட்லுக்கின் ஆட்டோ ஆர்க்கைவ் வசதியை என்றைக்கோ யாரோ ஓகே கொடுத்ததால் உருவானது. பழைய மெயிலை அது முதன்மை ஃபைலிலிருந்து எடுத்துத் தனி ஃபைலுக்கு நகர்த்திவிடுகிறது. முதன்மை ஃபைலை மட்டும் காப்பி எடுத்திருந்தால் மூன்று வருட மெயில் பேக்கப்பில் வந்திருக்காது.

ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தையும் பாருங்கள். பிஎஸ்டி என்றால் தனியாக எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாம். ஓஎஸ்டி என்றால் அது அந்தக் கம்ப்யூட்டரின் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. காப்பி எடுத்து வேறு இடத்தில் வைத்தால் அவுட்லுக் அதைத் திறக்காது. இன்றைய அவுட்லுக்கில் ஐமேப் கணக்குக்கும், மைக்ரோசாஃப்டின் மெயில் சேவைகளான எக்ஸ்சேஞ்ச், 365 கணக்குகளுக்கும் ஓஎஸ்டிதான். ஓஎஸ்டி ஃபைலைப் பென் டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பேக்கப் ஆகாது.

3. வாங்க வேண்டியதும் செலவும்

பட்டியலில் உள்ள ஜிபியைக் கூட்டுங்கள். எங்களுக்கு ஐந்து கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 41 ஜிபி வந்தது. 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு வாங்குங்கள். நாங்கள் ஒன்று 4,600 ரூபாய்க்கு இரண்டு வாங்கினோம். முடிந்தால் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

பென் டிரைவை நம்பாதீர்கள். சின்னது, தொலையும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: பல பென் டிரைவ்கள் ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. 64 ஜிபி காலியாக இருந்தாலும் 6.8 ஜிபி பிஎஸ்டியை வைக்க முடியாது. காப்பி பாதியில் நிற்கும்போது ஏன் என்று தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ் போய் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்று இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது நகலுக்கு ஆன்லைன் இடம். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி. ஆபீஸுக்கு இது போதாது. நாங்கள் 100 ஜிபி திட்டத்துக்கு மாதம் 130 ரூபாய் கட்டுகிறோம். மென்பொருளுக்குச் செலவே இல்லை: ஃபைலைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் இலவசம், டிஸ்க்கைப் பூட்டும் வெராகிரிப்ட் இலவசம். பேக்கப் எடுக்க என்று பணம் கேட்கும் மென்பொருள் எதுவும் முதல் வருடத்தில் உங்களுக்குத் தேவைப்படாது.

மொத்தம் முதல் வருடம் எங்களுக்கு 10,760 ரூபாய். ரெக்கவரிக்குக் கொடுத்ததே 18,000.

4. அவுட்லுக், பாப் கணக்கு: பிஎஸ்டியைக் காப்பி எடுப்பது

இங்கே நான் சொல்வது பழைய வகை அவுட்லுக்குக்கு, அதாவது ஃபைல் மெனுவுக்குள் ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட் என்று இருப்பதற்கு. விண்டோஸோடு வரும் புதிய அவுட்லுக்கில் பிஎஸ்டி வேலைகள் இதேபோல நடக்காது. பழைய மெயில் ஃபைல் வைத்திருப்பவர்கள், ஓரத்தில் தெரியும் "புதிய அவுட்லுக்கை முயன்று பாருங்கள்" என்ற சுவிட்சைத் தட்டும் முன் பேக்கப்பை முடித்துவிடுங்கள்.

முதலில் அவுட்லுக்கை மூடுங்கள். மூடிய பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவுட்லுக் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஜன்னல் மூடினாலும் பின்னால் ஒரு நிமிடம் வரை ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது ஃபைலைக் காப்பி எடுக்க விடாது. சில மென்பொருள்கள் வலுக்கட்டாயமாக எடுத்தாலும் வரும் நகல் முறையாக மூடப்படாத ஃபைலாக இருக்கும்.

பிறகு பட்டியலில் உள்ள எல்லா பிஎஸ்டியையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தேதி போட்ட ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். யுபிஎஸ் உள்ள கம்ப்யூட்டரில்தான் செய்யுங்கள்; பாதியில் கரண்ட் போனால் நகல் உடையும். நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால் 7 ஜிபிக்கு ஓரிரு நிமிடம்தான். கறுப்பு யுஎஸ்பி 2 துளையென்றால் நாலைந்து நிமிடம். முடிந்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுத்துவிட்டுத்தான் கேபிளை உருவ வேண்டும்.

கையெழுத்துப் பகுதி, அதாவது மெயிலின் அடியில் வரும் சிக்னேச்சர், பிஎஸ்டிக்குள் இருக்காது. ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் போய், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே சிக்னேச்சர்ஸ் பொத்தானைத் தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கும். அதையும் காப்பி எடுங்கள், ஒரு நிமிட வேலை.

இன்னொரு பொறி. பிஎஸ்டி இருக்கும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே ஒன்டிரைவ் தன் வசம் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஃபோல்டர் பாதையில் ஒன்டிரைவ் என்ற பெயர் வருகிறதா பாருங்கள். அவுட்லுக் திறந்திருக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் மாறும் 7 ஜிபி ஃபைலை ஒன்டிரைவ் மேலே ஏற்றப் பார்க்கும். அவுட்லுக் தடுமாறும், ஃபைல் கெடவும் வாய்ப்பு உண்டு. அவுட்லுக்கை மூடிவிட்டு பிஎஸ்டியை டி டிரைவில் சாதாரண ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மறுபடி திறக்கும்போது ஃபைலைக் காணோம் என்று கேட்கும். புதிய இடத்தைக் காட்டுங்கள். அதேபோல ஆபீஸ் நெட்வொர்க்கில் வேறு கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் பிஎஸ்டியை வைத்துத் திறப்பதும் வேண்டாம்.

5. அவுட்லுக், ஐமேப் அல்லது 365 கணக்கு: எக்ஸ்போர்ட் எடுப்பது

இங்கே காப்பி எடுத்தால் பயனில்லை என்று மேலே சொன்னேன். எக்ஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அக்கவுண்ட் செட்டிங்ஸில் கணக்கைத் திறந்தால், எத்தனை மாத மெயிலைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அது ஒரு வருடத்தில் நின்றால், எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த ஒரு வருடம் மட்டும்தான் வரும். அதை ஆல் என்ற கடைசி முனைக்கு இழுத்துவிட்டு, அவுட்லுக்கை மூடித் திறந்து, எல்லா மெயிலும் இறங்கும்வரை காத்திருங்கள். எங்கள் முதலாளியின் கணக்கில் 9 ஜிபி இறங்க ஒரு இரவு முழுக்க ஆனது.

பிறகு ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் எக்ஸ்போர்ட். எக்ஸ்போர்ட் டு எ ஃபைல் என்பதையும், அடுத்ததில் அவுட்லுக் டேட்டா ஃபைல் என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஃபோல்டர் கேட்கும்போது இன்பாக்ஸைத் தொடாமல், அதற்கு மேலே மெயில் முகவரி இருக்கும் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து, இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ் டிக் செய்யுங்கள். இன்பாக்ஸை மட்டும் தேர்ந்தெடுத்தால் சென்ட் மெயில் வராது. நாம் அனுப்பியதுதான் சண்டை என்று வரும்போது அதிகம் தேவைப்படும்.

கடைசியில் பாஸ்வேர்டு கேட்கும். காலியாக விட்டு ஓகே கொடுங்கள். பிஎஸ்டி பாஸ்வேர்டு நிஜமான பூட்டு கிடையாது; அதைச் சுலபமாக எடுத்துவிடும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. உண்மையான பூட்டு ஏழாவது படியில் வருகிறது.

மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் ரூல்ஸ், தடுத்து வைத்த முகவரிகளின் பட்டியல் இவை எக்ஸ்போர்ட்டில் வராது. ரூல்ஸை மட்டும் அதன் ஆப்ஷன்ஸ் பொத்தானில் தனியாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.

6. தண்டர்பேர்ட்: ப்ரொஃபைல் ஃபோல்டர் மொத்தமும்

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். மெயில், முகவரிப் புத்தகம், ஃபில்டர், கணக்கு அமைப்பு எல்லாம் ப்ரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும். ஆனால் அந்த ஃபோல்டர் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் காப்பி எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யக் கொடுப்பவர்கள் மெயிலை இழப்பது இதனால்தான். 

ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் தட்டுங்கள். வரும் பக்கத்தில் ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்குப் பக்கத்தில் ஓப்பன் ஃபோல்டர் என்ற பொத்தான் இருக்கும். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். ஒரு படி மேலே போங்கள். அர்த்தமில்லாத எழுத்துகளோடு பெயர் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக அப்படியே காப்பி எடுங்கள். உள்ளே போய்ப் பொறுக்க வேண்டாம்.

டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்றும் ஒன்று இருக்கிறது. அது ப்ரொஃபைலை ஜிப் ஆக்கித் தரும். ஆனால் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் தராது. ஆபீஸ் மெயில் 2 ஜிபிக்குள் நிற்பது அபூர்வம்.

சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் லோக்கல் டைரக்டரி என்று ஒரு பாதை தெரியும். அது ப்ரொஃபைலுக்கு வெளியே, டி டிரைவில் எங்கேயாவது இருந்தால் அதையும் தனியாக எடுக்க வேண்டும். எங்கள் ஒரு கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருந்தது.

ஐமேப் கணக்கு என்றால் இன்னும் ஒரு படி. லோக்கல் ஃபோல்டர்ஸ் என்பதன் கீழே வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அந்த வருடத்து மெயிலை அதற்குள் காப்பி டு கொடுங்கள். இழுத்துப் போட்டால் மெயில் நகர்ந்துவிடும், சர்வரில் இருக்காது. காப்பி டு மட்டும். லோக்கல் ஃபோல்டரில் உள்ளதை சர்வரால் அழிக்க முடியாது.

இந்த ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் நீங்கள் சேமித்து வைத்த மெயில் பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பூட்டும் ப்ரைமரி பாஸ்வேர்டு போடவில்லையென்றால், இந்த நகல் யார் கையில் கிடைத்தாலும் தன் தண்டர்பேர்டில் போட்டு உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம். பையருக்குப் புது பேங்க் அக்கவுண்ட் நம்பர் அனுப்பி ஏமாற்றுவதற்கு ஒருவனுக்கு வேறு எதுவும் தேவையில்லை. பூட்டாமல் வைக்காதீர்கள்.

7. பூட்டுவது

7-ஜிப்பில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஆட் டு ஆர்க்கைவ் கொடுங்கள். வகை 7-இசட், பாஸ்வேர்டு, அடியில் என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் டிக். இது ஏஇஎஸ் 256 என்ற பூட்டு முறை. பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் உடைக்க முடியாது. நீங்கள் மறந்தாலும் திறக்க முடியாது. எங்கள் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, டிஸ்க் போகாத வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். டிஸ்க் இருக்கும் இடத்தில் அந்தக் கவர் இருக்கக் கூடாது.

மெயில் நாள்தோறும் மாறும் என்பதால் ஒவ்வொரு வாரமும் 40 ஜிபியை ஜிப் செய்வது சலிப்பாக இருக்கும். டிஸ்க்கையே பூட்டிவிட்டால் வேலை மிச்சம். விண்டோஸ் ப்ரோ என்றால் அதிலேயே வரும் பிட்லாக்கரில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பூட்டலாம். ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் போட முடியாது, ஆனால் ப்ரோவில் பூட்டிய டிஸ்க்கைப் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம். எல்லாமே ஹோம் என்றால் வெராகிரிப்ட். ஆன்லைனில் ஏற்றும் நகலை மட்டும் 7-ஜிப்பில் பூட்டி ஏற்றுங்கள்.

8. வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் மாதம் தாண்டினேன். இரண்டாவது மாதம் சோதித்தபோது, ஒரு பிஎஸ்டி திறக்கவே இல்லை. காப்பி முடியும் முன் யாரோ கேபிளை உருவியிருக்கிறார்கள். ஃபைல் அளவு 6.8 ஜிபி என்று சரியாகவே காட்டியது.

சோதிக்கும் முறை இது. பேக்கப் நகலை நேரடியாகத் திறக்காதீர்கள். அவுட்லுக் ஒரு பிஎஸ்டியைத் திறந்தாலே அதற்குள் எதையாவது எழுதிவிடும், மூல நகல் மாறிவிடும். பேக்கப்பிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி எடுத்து, அதை ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல் வழியாகத் திறங்கள்.

திறந்ததும் நான் பார்ப்பவை: மிகப் பழைய மெயில் எந்தத் தேதி, சென்ட் ஃபோல்டரில் எத்தனை, மூலக் கம்ப்யூட்டரில் அதே எண்ணிக்கை வருகிறதா. பிறகு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மெயிலைத் திறந்து அதன் இணைப்பைத் திறப்பேன். பெரும்பாலும் ஒரு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) பிடிஎஃப் அல்லது அளவு எழுதிய எக்ஸெல் ஷீட். எக்ஸெல் திறந்து, மார்பு அளவு, நீளம், கழுத்து என்று கட்டங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் தாளில் டிக் போடுவேன். மெயில் பட்டியல் மட்டும் தெரிந்து உள்ளே காலியாக இருந்த நகலை நான் பார்த்திருக்கிறேன். 

திறக்கவில்லை என்றால் அவுட்லுக்கோடு வரும் இன்பாக்ஸ் ரிப்பேர் டூலை ஓட விடலாம். அதையும் நகலின் நகலில்தான் ஓட்ட வேண்டும். அது பழுதான மெயிலை நீக்கிவிட்டும் ஃபைலைச் சரியாக்கும்.

தண்டர்பேர்ட் என்றால் சோதிக்கும் கம்ப்யூட்டரில் அதே பதிப்பு அல்லது அதைவிடப் புதிய பதிப்பைப் போடுங்கள். பழைய பதிப்பு புதிய ப்ரொஃபைலைத் திறக்க மறுக்கும். ஒரு தடவை திறந்து மூடி, புதிதாக உருவான ப்ரொஃபைல் ஃபோல்டரைக் காலி செய்து, பேக்கப் ப்ரொஃபைலின் உள்ளடக்கத்தை அதில் ஒட்டுங்கள். நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறப்பது நல்லது. இல்லையென்றால் பாப் கணக்கு உடனே புது மெயிலை இந்தச் சோதனைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும்.

சோதனைக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முக்கால் மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

9. எங்கே வைப்பது, எப்போது எடுப்பது

மூலம் சேர்த்து மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. நாங்கள் சனிக்கிழமை மதியம் சம்பளம் போட்டு முடித்ததும் எடுக்கிறோம். இந்தச் சனிக்கிழமை முதல் டிஸ்க், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது டிஸ்க். எடுத்து முடித்த டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போகும்; பழையது ஆபீஸுக்கு வரும். டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

பழைய நகலின் மேல் புதியதை எழுதாதீர்கள். குறைந்தது நாலு தேதிகள் இருக்கட்டும். ஒரு ஃபோல்டர் அழிந்தது நமக்கு அன்றே தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தேடும்போதுதான் தெரியும்.

ஆன்லைன் நகல் மாதம் ஒன்று. 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 10 ஜிபி ஏற இரண்டே கால் மணி நேரம் ஆகும். ராத்திரி விட்டுவிட்டுப் போவதுதான் வழி.

10. எத்தனை வருடம், எந்த வடிவத்தில்

நாங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு பிஎஸ்டி என்று பிரித்துவிட்டோம். ஃபைல் சின்னதாக இருக்கும்; முடிந்த வருடத்தை மறுபடி மறுபடி எடுக்க வேண்டியதில்லை. அவுட்லுக் 2010 முதல் பிஎஸ்டிக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு என்றாலும் 10 ஜிபிக்கு மேல் போனால் எங்கள் கம்ப்யூட்டர்களில் தேடுவதே பாடாக இருக்கிறது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி கணக்குப் பதிவேடுகளை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் 31 வரை. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி சட்டப்படி எட்டு நிதியாண்டு. இன்வாய்ஸும் பிஓவும் மெயிலில் மட்டும்தான் வந்திருக்கிறது என்றால் மெயிலுக்கும் அதே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆடிட்டர் எட்டு வருடம் என்றே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முக்கியமான மெயிலைப் பிடிஎஃப்பாக மாற்றி வைத்தால் போதுமே என்று கேட்பவர்களுக்கு: படிக்கப் போதும், வழக்குக்குப் போதாது. எந்த சர்வர் வழியாக, எப்போது வந்தது என்ற தலைப்பு விவரம் பிடிஎஃப்பில் வராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி; உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். அதனால் வருடம் முடிந்து பிரித்த பிஎஸ்டியை ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் தரும் சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ 256 தட்டுங்கள். வரும் நீண்ட எண்ணெழுத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து அந்த வருடத்து ஆடிட் ஃபைலில் வையுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பிரதியை யாரும் அவுட்லுக்கில் திறக்கக் கூடாது. தேடுவதற்கு வேறு நகலைப் பயன்படுத்துங்கள்.

11. கம்ப்யூட்டர் மாற்றும்போது, ஆள் மாறும்போது

இரண்டு நாளும் ஆபத்தான நாள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், புது ஆள் அந்த இருக்கையில் உட்காரும் முன், தனியாக ஒரு நகல் எடுத்து எட்டாவது படியின் சோதனையை முடியுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் மெயில் பாஸ்வேர்டை அன்று மாலையே மாற்றுங்கள். கணக்கை அழிக்காமல் புது ஆளுக்கு வரும்படி திருப்பி விடுங்கள். பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மேட் செய்யவோ, கடையில் புதியதுக்கு மாற்றாகக் கொடுக்கவோ வேண்டாம். புதுக் கம்ப்யூட்டரில் ஒரு மாதம் வேலை நடந்து, யாரும் எந்த மெயிலையும் காணோம் என்று வரவில்லை என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.